கணினிக் காவலர் முறையீடு

கணினி விழித்தெழுங்கால் தான் முதலில் எழுந்து, ஏனைப் பணிகளை எழுப்பும் நிரலொன்று உண்டு. லினக்ஸ் கணினிகளில் இவ்வூழியத்தை நெடுநாள் ஆற்றிய முறை, எவரும் படித்துத் திருத்தத்தகும் சிறு கட்டளைத் தொகுதிகளால் ஆயது. 2010-இல் லென்னார்ட் பெட்டரிங், கே சீவர்ஸ் என்போர் சிஸ்டம்டி என்னும் புதுமுறையை வெளியிட்டனர். 2014 பிப்ரவரியில் டெபியன் லினக்ஸின் தொழில்நுட்பக் குழு, வாக்குகள் சமமாய்ப் பிளவுபட, தலைவரது முடிவு வாக்கால் அதனை ஏற்றது.

இதனால் மதுரைக்கு வந்ததென்ன எனின், சென்னை சி-டாக்கினர் ஆக்கிய பாஸ் லினக்ஸ் டெபியன் வழியினது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் அதுவும் இருந்தது. அங்குப் பிறந்த மாற்றம் வைகைக்கரைக்கும் வருமன்றோ?

பழைய முறை குற்றமற்றதென யாம் வாதியோம். இடையில் வீழ்ந்த பணியை அத்தொகுதிகள் தாமே மீட்டெழுப்பா. புதியது அதனைச் செவ்வனே செய்கின்றது. ஆயினும் கணினிகளைக் காப்போர் மனக்குறை வெறும் பழமைப்பற்றன்று. 2016 மே மாதம் வெளிவந்த 230-ஆம் பதிப்பில், பயனர் வெளியேறியதும் அவர் ஓடவிட்ட பணிகளும் மாய்க்கப்படுமாறு இயல்பமைப்பே மாற்றப்பட்டது. மாலையில் நீண்ட கணக்கொன்றைக் கல்லூரிச் சர்வரில் ஓடவிட்டு மேலூருக்குப் பஸ் ஏறிய மாணவன், காலையில் யாரை நோவான்? சிஸ்டம்டியின் ஆசிரியரையா? ஆய்வுக்கூடத்துக் காவலரையே நோவான். டெபியனார் அவ்வியல்பைத் தம்மளவில் விலக்கியது நன்று.

ஆக்கியோர் வேறு, ஏச்சுக் கேட்போர் வேறு என்னும் இந்நிலையே எமக்கு உறுத்துகின்றது. நம் கல்லூரிகளேனும் புதுமுறையை விடுமுறையிற் புகுத்தி, ஒரு பருவம் பழைய கணினியையும் அருகே ஓடவிட்டு, காவலர்க்குக் கற்கும் அவகாசத்தை வேலைநேரத்திலேயே அளித்தல் வேண்டும்.