ஆளில்லா ஊருக்குப் பெருமை எதற்கு?

எங்கள் ஊர் திருச்சுழி. சாலையின் இருபுறமும் சீமைக் கருவேலங்காடு. நடுவே ஒரு பழம்பெரும் ஊர். சுந்தரமூர்த்தி நாயனாரின் தேவாரம் பெற்ற பாண்டி நாட்டுத் தலங்களுள் ஒன்று. பிரளய வெள்ளத்தை இறைவன் சுழித்து மண்ணுக்குள் புகச் செய்ததால் இப்பெயர் வந்ததென்பது தலபுராணம். வெள்ளத்தால் பெயர் பெற்ற ஊரில் ஆண்டின் பெரும்பகுதி குண்டாறு மணலாய்க் கிடக்கிறது! 1879 டிசம்பர் 30-இல் ரமண மகரிஷி பிறந்ததும் இங்கேதான். அருகிலுள்ள பள்ளிமடத்துக் கோயிலில் பாண்டியர் காலக் கல்வெட்டுகள் உள்ளன.

இவற்றையெல்லாம் மேடைதோறும் சொல்லி மகிழ்கிறோம். இப்பெருமையைச் சுமக்க ஊரில் ஆள் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்பதில்லை. எங்கள் தெருவில் 11 வீடுகள். 5 வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது. சிவகாசி, திருப்பூர், சென்னை என்று போனவர்கள் திருவிழாவுக்கு வந்து மூன்றாம் நாள் திரும்பிவிடுகிறார்கள். 2021-இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கு தள்ளிப்போய் 2027-க்கென அறிவிக்கப்பட்டது. அக்கணக்கிலும் அவர்கள் பிழைக்கப்போன ஊரில்தான் எண்ணப்படுவார்கள்.

"கோயில் இருக்கிறதே, பிறகென்ன?" என்பார் சிலர். கல் நிற்கும், ஐயமில்லை. ஆனால் எந்தக் கண்மாய் நிறைந்தால் எதற்கு மறுகால் பாயும், எந்த மடைக்கு எந்த வயல், எந்தக் கரிசலில் குதிரைவாலி விளையும் என்பவை எந்தக் கல்வெட்டிலும் இல்லை. என் அப்பத்தாவின் நெஞ்சில் இருக்கின்றன. அவள் ஒருநாள், "படிச்சு முடிச்சதும் நீயும் போயிருவியாடா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

போவது குற்றமன்று. ரமணரும் படிப்புக்காகத் திண்டுக்கல் சென்றவர். 1892-இல் தந்தையார் மறைந்தபின் மதுரை, 1896-இல் திருவண்ணாமலை. வயிற்றுக்காகப் போகிறவனை நாம் எப்படித் தடுப்பது? ஊரை அறிந்துகொள்ளாமலே போவதுதான் குற்றம் என்பது என் கருத்து.

ஆகவே மாணவ நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கோயில் வளாகத்தைக் கூட்டுவதோடு நின்றுவிட வேண்டாம். ஒரு கண்மாயின் வரத்துக்காலில் மண்டிய கருவேலத்தை வெட்டுவோம். மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர் முதியவர் ஒருவரிடம் அமர்ந்து கண்மாய், மடை, வயல்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி நூலகத்தில் சேர்ப்போம். தண்ணீர் நின்றால் சிலராவது ஊரில் நிற்பார்கள். போகிறவர்களுக்கும் திரும்பி வர ஒரு வழி தெரிந்திருக்கும்.

என் நோட்டின் முதற்பக்கம் அப்பத்தாவுடையது. எழுதத் தொடங்கிவிட்டேன்.