ராணுவம் வரட்டும், ஆனால் சர்க்கார் எங்கே?

படூர் டீக்கடையில் சென்ற வாரம் ஒரு கட்டிடத் தொழிலாளி என்னைக் கேட்டார்: "தோழர், புயலோ வெள்ளமோ, கடைசியில் ராணுவம்தானே வந்து காப்பாற்றுகிறது? நிர்வாகத்தையே அவர்களிடம் விட்டுவிட்டால் என்ன?"

கோபம் நியாயமானது. முடிவு தவறானது.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. மீனம்பாக்கம் விமான நிலையம் மூடப்பட்டு, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் பறந்தன. முப்படை வீரர்களும் மக்களை மீட்டனர். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளான அந்த ஜவான்களுக்கு நமது வணக்கம். தங்கள் படகுகளைத் தெருவுக்கே கொண்டுவந்து மக்களைக் கரைசேர்த்த மீனவர்களுக்கும் அதே வணக்கம்.

ஆனால், சிவில் நிர்வாகம் அழைத்தால்தான் ராணுவம் வரும். வெள்ளம் வடிந்ததும் திரும்பிவிடும். பக்கிங்காம் கால்வாயைத் தூர்வாருவதும், கோவளம் முகத்துவாரத்தைத் திறந்து வைப்பதும், ஏரியை வளைத்து மனை போட்டவர்களை வெளியேற்றுவதும் சர்க்காரின் வேலை. அந்த வேலை நடக்காத இடத்தில்தான் ஹெலிகாப்டர் தேவைப்படுகிறது!

இன்னொன்றையும் யோசியுங்கள். படகுடன் வரும் ராணுவம் துப்பாக்கியுடனும் வரும். 1965 பிப்ரவரியில், இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியை அடக்க இதே தமிழகத்தில் ராணுவம் இறக்கப்பட்டது. கூட்டத்தைக் கலைக்க மாஜிஸ்திரேட் ராணுவத்தை அழைக்கலாம் என்ற விதி 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. நாளை கூலி கேட்டுக் கூடும் தொழிலாளிக்கு எதிராகவும் அந்த விதியைப் பிரயோகிக்கலாம்.

மீட்புக்கும் விலை கேட்கிறார்கள். 2024 வயநாடு நிலச்சரிவு உள்ளிட்ட பணிகளுக்கு விமானப்படைக் கட்டணமாக 132 கோடி ரூபாய்க்கு மேல் கட்டச் சொல்லி, கேரள சர்க்காருக்கு மத்திய சர்க்கார் 2024இல் கடிதம் அனுப்பியது. மக்கள் வரிப்பணத்தில் பறக்கும் விமானத்துக்கு மக்களிடமே மறுபடியும் வாடகையா?

ஆகவே நாம் கோருவது இதுதான்: வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கால்வாயும் ஏரியும் சீராகட்டும். குடிசைகள் மீதல்ல, பெரிய ஆக்கிரமிப்புகள் மீது கை வையுங்கள். ஊராட்சிதோறும் படகும், பயிற்சி பெற்ற இளைஞர் படையும் தேவை. மீட்புக்கு அழைக்கப்படும் மீனவர்களுக்குக் கூலியும் படகுச் சேதத்துக்கு ஈடும் வேண்டும். மீட்புக் கட்டணத்தை மத்திய சர்க்காரே ஏற்க வேண்டும்.

டீக்கடைத் தோழருக்கு நமது பதில்: ஆபத்தில் ராணுவம் உதவட்டும். ஆனால், கேள்வி கேட்டு வேலை வாங்க நமக்கு உரிமையுள்ள இடம் பஞ்சாயத்து ஆபீசும் கலெக்டர் ஆபீசும்தான். மழைக்கு முன்பே அங்கே திரளுவோம்!