வாயில்லா ஜீவனுக்குத் தூக்க மாத்திரை

'இயற்கையானது' என்ற வார்த்தையை ஒரு வருஷத்துக்கு யாரும் உபயோகிக்கக் கூடாது என்று சட்டம் போட்டால் தேவலை. ஷாம்பூவில் ஆரம்பித்து, சமையல் எண்ணெய்க்குத் தாவி, இப்போது நாய்க்கும் பூனைக்கும் வந்து நிற்கிறது. 'பக்கவிளைவே கிடையாது சார், எல்லாம் நேச்சுரல்' என்று விற்கப்படும் சமாசாரத்தின் பெயர் மெலடோனின். தீபாவளிக்கு நடுங்கும் நாய்க்கு, ராத்திரியெல்லாம் கத்தும் பூனைக்கு, முடி கொட்டும் பொமரேனியனுக்கு என்று சகலத்துக்கும் அதையே சொல்கிறார்கள். மாத்திரை இருக்கிறது, சொட்டு மருந்து இருக்கிறது, மிட்டாய் மாதிரி மெல்லுகிற 'கம்மி' இருக்கிறது. பெயர்தான் கம்மி, விலை கம்மியில்லை.

தில்லைநகர் ஃப்ளாட்டிலோ ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலோ, பிள்ளை அமெரிக்காவில் இருக்கும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். வருஷாவருஷம் வரும் பெட்டியில் பாதாம், சாக்லேட், வலிக்குத் தடவும் ட்யூப் இவற்றோடு ஒரு டப்பா கம்மியும் வந்து இறங்கிவிடும். முதலில் மாமாவுக்கு. மாமாவுக்குத் தூக்கம் வந்ததும், 'பாவம், ஜிம்மியும்தான் தூங்க மாட்டேங்கறது' என்று அதற்கும் அரை.

அமெரிக்காவில் இது மளிகைச் சாமான் மாதிரி கிடைப்பதற்குக் காரணம் 1994-ல் அங்கே போட்ட ஒரு சட்டம். 'துணை உணவு' என்று பெயர் வைத்துவிட்டால் மருந்துக்குரிய கெடுபிடிகள் அதற்குக் கிடையாது. அதே சரக்கு பிரிட்டனில் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாத மருந்து. அட்லாண்டிக்குக்கு அந்தக் கரையில் இயற்கை, இந்தக் கரையில் மருந்து என்றால், கடலைத் தாண்டும்போது அதற்குள் என்ன மாறியது என்று நாம் கேட்டிருக்க வேண்டாமா?

மெலடோனின் ஒரு ஹார்மோன். மூலிகை அல்ல, வைட்டமினும் அல்ல. மூளைக்குள் பட்டாணி அளவுகூட இல்லாத பீனியல் சுரப்பி, இருட்டினதும் அதைச் சுரக்கிறது. வெளிச்சம் வந்தால் நிறுத்திக்கொள்கிறது. நமக்கும் அப்படித்தான், நாய் பூனைக்கும் அப்படித்தான். 1958-ல் இதைப் பிரித்தெடுத்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் ஏரன் லெர்னர். அவர் தூக்கத்தைத் தேடிப் போகவில்லை. தோல் டாக்டர். தவளையின் தோலை வெளுக்கவைக்கும் பொருள் எது என்று பார்த்து, அது தோல் நோய்க்கு உதவுமா என்று தேடினார். கசாப்புக்கூடங்களிலிருந்து மாட்டின் பீனியல் சுரப்பிகளை மலைமலையாக வாங்கி அரைத்துத்தான் துளியூண்டு கிடைத்தது.

ஆக, 'எனக்கு அசல் இயற்கை மெலடோனின்தான் வேணும்' என்று யாராவது அடம் பிடித்தால், மாட்டின் மூளைக்குத்தான் போகவேண்டும். ஆசாரமான உத்திர வீதி வீட்டில் இதைச் சொன்னால் டப்பா அன்றைக்கே கொள்ளிடத்துக்குப் போய்விடும். நல்லவேளை, இன்று கடையில் கிடைப்பது அநேகமாக எல்லாமே ரசாயனத் தொழிற்சாலையில் செய்தது. அதில் எனக்கு ஆட்சேபமில்லை. தொழிற்சாலையில் செய்த மருந்தால்தான் நம்மில் பாதிப்பேர் உயிரோடு இருக்கிறோம். பச்சை இலை படம் போட்டு விற்பதுதான் உறுத்துகிறது.

உடம்பே சுரப்பதுதானே, அப்புறம் என்ன பயம் என்கிறீர்களா? இன்சுலினும் உடம்பு சுரப்பதுதான். அதைக் கம்மியாகச் செய்து நாய்க்குக் கொடுப்பீர்களா? மெலடோனின் வெறும் தூக்க மணியும் அல்ல. பல விலங்குகளுக்கு அதுதான் பஞ்சாங்கம். ராத்திரி நீளமா குறைவா என்பதை அதை வைத்துத்தான் உடம்பு கணக்கிடுகிறது. ஆட்டுப் பண்ணைகளில் மெலடோனினைத் தோலுக்கடியில் பதித்து, ஆடு இணைசேரும் பருவத்தையே முன்னால் இழுக்கிறார்கள். பெண் பூனைக்கு அப்படிப் பதித்தால் மாதக்கணக்கில் பருவம் வராமல் தள்ளிப்போகிறது என்று கால்நடை ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒரு ஜீவனின் பருவத்தையே நகர்த்துகிற சரக்கை 'சும்மா ஒரு சப்ளிமெண்ட் சார்' என்று நீட்டுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மெலடோனினுக்கு விரோதி இல்லை. விலாப்புறத்தில் மட்டும் வருஷாவருஷம் முடி கொட்டும் நாய்களுக்கு, அட்ரினல் சுரப்பியில் சிலவகைக் கோளாறு உள்ளவற்றுக்கு, சத்தத்துக்குப் பயப்படுபவற்றுக்கு வேறு மருந்தோடு சேர்த்து என்று கால்நடை டாக்டர்களே எழுதுகிறார்கள். கொஞ்சம் அதிகமாகப் போனாலும் பெரும்பாலும் மந்தமாகக் கிடக்கும், வாந்தி எடுக்கும், அவ்வளவுதான். என் சண்டை டப்பாவோடு.

டப்பாவில் என்ன இருக்கிறது என்று டப்பாவுக்கே தெரியாது. 2017-ல் கனடாவில் 31 மெலடோனின் சரக்குகளைச் சோதித்தார்கள். லேபிளில் போட்டதைவிட 83 சதவிகிதம் குறைவாக ஒன்றில், 478 சதவிகிதம் அதிகமாக இன்னொன்றில். எட்டில் செரடோனின் கலந்திருந்தது, லேபிளில் அந்தப் பேச்சே இல்லை. 2023-ல் அமெரிக்காவில் 25 கம்மிகளைச் சோதித்தபோது 22-ல் லேபிளும் உள்ளடக்கமும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை! எண்பது கிலோ மாமா இதைத் தாங்கிக்கொள்வார். நாலு கிலோ பூனைக்கு நீங்கள் அரையா, கால் பங்கா என்று கத்தியால் நறுக்குவதற்கு என்ன அர்த்தம்?

இதைவிட மோசம், கூட வருகிற பரிவாரம். சர்க்கரை சேர்க்காத கம்மிகளில் இனிப்புக்காக சைலிட்டால் போடுவதுண்டு. மனிதர்களுக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கு விஷம். உள்ளே போனதும் கணையம் இன்சுலினைக் கொட்டும், ரத்தத்தில் சர்க்கரை சரியும். அரைமணி நேரத்திலேயே நாய் தள்ளாடலாம், வலிப்பு வரலாம். ஈரல் கெட்டு செத்தும் போகலாம். சில டப்பாக்களில் இதற்கு 'பிர்ச் சர்க்கரை' என்று பெயர். ஏனென்றால் மரத்திலிருந்து வருகிறதாம், அதுவும் இயற்கைதானாம்! தூக்க மாத்திரைகளில் துணைக்குச் சேர்க்கும் ஐந்து-எச்.டி.பி. என்ற பொருளும் நாய்க்கு ஆபத்து. பூனையின் கதை தனி. நாம் காய்ச்சலுக்கு விழுங்குகிற பாராசிட்டமால் ஒன்றே அதைக் கொன்றுவிடும். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் சக்தி அதன் ஈரலுக்குப் போதாது. 'எனக்கு ஒத்துக்கிச்சு, அதுக்கும் ஒத்துக்கும்' என்கிற நம்முடைய பரந்த மனசு இங்கே உதவாது.

சரி, அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா? இங்கேதான் வேடிக்கை. 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் 'உணவு' என்றால் என்ன என்று விளக்கும் இடத்திலேயே, பிராணிகளின் தீவனம் இதில் சேராது என்று சொல்லிவிடுகிறது. 1940-ம் வருஷத்து மருந்துச் சட்டத்தில் பிராணிகளுக்கான மருந்தும் சேரும். ஆனால் நோயைக் குணமாக்கும் என்று எழுதினால்தானே மாட்டிக்கொள்வார்கள்? அதனால் 'அமைதிக்குத் துணைபுரியும்', 'நிம்மதியான உறக்கத்துக்கு உதவும்' என்று வழவழா கொழகொழாவென்று எழுதுகிறார்கள். இரண்டு சட்டத்துக்கும் நடுவிலுள்ள சந்தில் டப்பா ஜாலியாக நடந்து போகிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். பதினாலு வயது நாய் ராத்திரி தூங்காமல் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடக்கிறது என்றால், அதற்கு மூட்டு வலியாக இருக்கலாம். சிறுநீரகக் கோளாறாலோ சர்க்கரை வியாதியாலோ அடிக்கடி மூத்திரம் முட்டலாம். கண் மங்கியிருக்கலாம். மனிதர்களுக்கு வருகிற மாதிரி மறதி நோய் அதற்கும் உண்டு. வயசான பூனை நடுராத்திரியில் அலறினால் தைராய்டோ ரத்த அழுத்தமோ இருக்கலாம். வாயில்லா ஜீவன் என்கிறோமே தவிர, அதற்கு இருக்கிற ஒரே வாய் அந்த அலறல்தான். கம்மி கொடுத்து அதையும் மூடிவிட்டு, 'இப்பல்லாம் சமத்தா தூங்கறது' என்று சந்தோஷப்படுகிறோம். உள்ளே வியாதி சமத்தாக வளர்கிறது.

தீபாவளிக்கு வருவோம். நாம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறோம், நாய் 45,000 வரை, பூனை அதற்கும் மேலே. பட்டாசுக்கு நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல்தான் உச்சவரம்பு என்று விதி இருக்கிறது. 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று மணி குறித்துக் கொடுத்தார்கள். நிஜத்தில் என்ன நடக்கிறது? கங்கா ஸ்நானத்துக்கு வெந்நீர் கொதிக்கும் முன்பே, விடிகாலை நாலு மணிக்கு முதல் வெடி. தீபாவளியாவது காலண்டரில் தேதி போட்டு வருகிறது. ஓயாமாரிக்குப் போகிற ஊர்வலத்தில் வெடிக்கிற சரத்துக்கு நாளும் கிடையாது, நேரமும் கிடையாது. கட்சிக்காரர் ஜெயித்தால் வெடி, வரவேற்றால் வெடி.

அந்த நேரத்தில் அடையவளஞ்சான் வீதியில் நிற்கும் கார்களுக்கு அடியில் குனிந்து பாருங்கள். தெரு நாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு யார் கம்மி கொடுப்பது? நம் வீட்டு நாய்க்கு மட்டும் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, நாமே மாடியில் ஆயிரம்வாலாவை விரிப்பதற்குப் பெயர் பிராணி நேசமா?

வெளிச்சமும் அப்படித்தான். இருட்டில் சுரப்பது மெலடோனின் என்றேன். ஹாலில் ராத்திரி ஒரு மணி வரை ட்யூப்லைட்டும் டி.வி.யும் எரிகிற ஃப்ளாட்டில், அதே ஹால் மூலையில்தான் நாய்க்கும் படுக்கை. அதன் பீனியல் சுரப்பி என்ன செய்யும்? காசில்லாமல் கிடைக்கிற இருட்டைத் துரத்திவிட்டு, அதையே டப்பாவில் அடைத்து ஆயிரம் ரூபாய்க்கு வாங்குகிறோம். முதலில் லைட்டை அணைத்துப் பாருங்கள் சார். சாயந்திரம் காவிரிக் கரைப் பக்கம் அரைமணி நேரம் கூட்டிப் போய்விட்டு வந்து அணைத்தால் இன்னும் விசேஷம்.

பட்டாசுப் பயத்துக்கு ஐப்பசியில் மருந்து தேடினால் நேரம் போதாது. ஆடியிலேயே ஆரம்பிக்க வேண்டும். வெடிச் சத்தத்தைப் பதிவு செய்து, காதுக்கு எட்டியும் எட்டாத அளவில் போட்டு, பிடித்த தீனியைக் கொடுத்து, நாளாக நாளாகச் சத்தத்தைக் கூட்டிப் பழக்குவது ஒரு வழி. அன்றைக்கு ஜன்னல் குறைவான உள் அறையில், மின்விசிறி ஓடவிட்டு, கூடவே உட்கார்ந்துகொள்ளுங்கள். அதற்கும் அடங்காத பயம் என்றால், சத்தத்துக்கென்றே சோதித்து அனுமதி வாங்கிய மருந்துகள் உலகில் இருக்கின்றன. எது ஒத்துக்கொள்ளும் என்று எடை பார்த்து, ரத்தம் பார்த்துச் சொல்ல ஊரில் கால்நடை டாக்டர்கள் இருக்கிறார்கள். பெரிய சிக்கல் என்றால் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம்.

எத்தனை மில்லிகிராம், எந்த பிராண்ட் என்று கேட்டு தயவுசெய்து எனக்கு எழுதாதீர்கள். சொல்ல மாட்டேன். பிள்ளை அனுப்பிய டப்பா வீட்டில் இருந்தால், நாயோடு அதையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பின்பக்கத்தில் கொசு முட்டை சைஸில் அச்சடித்திருப்பதை அவர் முதலில் படிக்கட்டும்.