தகர வீட்டுக்கும் ஒரு வென்டிலேட்டர்
1/ வென்டிலேட்டர்னா ஐசியூ மட்டும் ஞாபகத்துக்கு வர வேண்டாம் மக்களே. தகர ஷீட் வீட்டுக்கும் ஒண்ணு தேவை.

2/ சூடான காற்று மேலே ஏறும். வெளியேற வழியில்லைன்னா கூரைக்கடியிலேயே தங்கும். ஃபேன் அதைத்தான் உங்க மேல தள்ளுது. 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினா அந்தக் காற்று உடம்பை இன்னும் சூடாக்கும்.

3/ கூரை உச்சியில ஒரு திறப்பு, அதுல தகரக் குழாய், மேலே மழைக்கு மூடி, உள்ளே கொசுவலை. தகரத்தை வளைச்சு போல்ட் போட்டா போதும், கரண்ட் வேண்டாம். ஆனா சுவர்ல கீழே காற்று நுழைய வழி கட்டாயம்.

4/ ஷீட்டோட அனல் இதனால முழுசா போகாது. அதுக்குக் கூரை மேல வெள்ளை அடிங்க.

5/ ஹீட் ஸ்ட்ரோக்ல வர்றவரை நாங்க குளிர்விச்சு அனுப்பறோம். அவர் திரும்பிப் போறது அதே வீட்டுக்குத்தானே? ஷீட் கூரை போடுற ஒவ்வொரு அரசு எஸ்டிமேட்லயும் இது இருக்கணும். இதுவும் மருத்துவம்தான்.