மலையில் குடியிருக்காதவருக்கு மலையில் துப்பாக்கி எதற்கு?

கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரிலும் பூம்பாறையிலும் ஒரே இரவில் உருளைக்கிழங்குப் பாத்திகளைக் காட்டுப்பன்றிகள் கிளறிப் போட்டுவிடுகின்றன. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டத்துக்குள் காட்டுமாடு நிற்கிறது. பயிரைக் காக்கத் துப்பாக்கி உரிமம் தாருங்கள் என்று விவசாயி கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் பழனி மலையில் பட்டா வைத்திருப்பவர் எல்லாரும் அங்கே வாழ்பவர்கள் அல்லர். பல தோட்டங்களின் சொந்தக்காரர்கள் சென்னையிலும் மதுரையிலும் கேரளத்திலும் இருக்கிறார்கள். பயிர்க்காவல் என்ற காரணத்தைச் சொல்லி இவர்கள் உரிமம் கேட்டால் அதைத் தரக் கூடாது என்பதே நமது நிலைப்பாடு.

நம் நாட்டில் ஆயுதம் மத்தியப் பட்டியலில் உள்ள பொருள். மாநிலத்துக்கொரு துப்பாக்கிச் சட்டம் கிடையாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே எங்கும் செல்லும். பயிர்க்காவலுக்கென்று உண்மையாகவே ஒருவர் குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டால், மறுக்கத் தக்க காரணம் இல்லாதவரை உரிமம் தரவேண்டும் என்கிறது அதன் 13ஆம் பிரிவு. வழக்கமாகக் குடியிருக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ விண்ணப்பிக்கலாம் என்பது விதி. 'தொழில் செய்யும் இடம்' என்ற அந்த வாசல் வழியாகத்தான் ஆண்டுக்கு இரண்டு முறை வந்துபோகும் தோட்ட முதலாளியும் திண்டுக்கல்லில் மனுப் போட முடிகிறது.

வெளியூர்க்காரருக்கு உரிமம் தருவதில் காட்டும் அலட்சியம் எதில் போய் முடியும் என்பதை ஜம்மு காஷ்மீரில் பார்த்தோம். 2012 முதல் 2016 வரை அங்கே தகுதியற்றவர்களுக்கு 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள் வழங்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்து, சிபிஐ விசாரணைக்குப் போனது. அந்த மாநிலத்தில் வசிக்காத பலர் பெயரிலும் உரிமங்கள் போயின. துப்பாக்கியைத் தாராளமாக விற்கும் அமெரிக்காவிலேயே, 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிமாநிலக் கடையில் கைத்துப்பாக்கி வாங்கிக் கையோடு எடுத்துவர முடியாது. சொந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகத்தான் அது கைக்கு வரும். வாங்குபவரை அறிந்த ஊரில்தான் அவரை விசாரிக்க முடியும் என்பதே இதற்கெல்லாம் அடிப்படை. சென்னைக்காரரின் நடத்தையைப் பற்றித் தாண்டிக்குடி காவல் நிலையம் என்ன அறிக்கை எழுத முடியும்?

முதலாளி ஊரில் இல்லாதபோது துப்பாக்கி யார் கையில் இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். இரவில் பரணில் படுத்துக் காவல் காப்பவர் கூலிக்கு வந்த காவல்காரர். உரிமத்தில் பெயர் இல்லாத அவர் அதை எடுத்துச் சுட்டால் அது சட்டவிரோத ஆயுதம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. சுட்டது காட்டுமாடாக இருந்தால் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணை வழக்கும் சேரும். மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் ஒரு வேட்டுத்தான். அடுத்த வேட்டுக்கு மருந்து போட்டு, குச்சியால் இடித்து, ஈயக்குண்டு போட்டு மறுபடி இடிக்க வேண்டும். காயம்பட்ட மாடு அதுவரை காத்திருக்காது. மறுநாள் அது திரியும் அதே வழியில் தண்ணீர் எடுக்கவும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்கள் ஊர்க்காரர்கள்.

இதில் மாவட்ட நிர்வாகத்துக்குப் புதிய அதிகாரம் எதுவும் தேவையில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு இல்லாமல் புதிய துப்பாக்கி உரிமம் தர முடியாது. கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் 2013இல் 600 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் அறிவிக்கப்பட்டது. மலைக் கிராமங்களில் பெரும்பாலானவை அந்த 10 கிலோமீட்டருக்குள்தான் வரும். குடியிருப்புக்குச் சான்று இல்லாத மனுவுக்கு இசைவு இல்லை என்று காப்பாளர் முடிவெடுத்தாலே போதும். எல்லைக்கு அப்பால் கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களின் உத்தரவின் பேரில் உரிமம் உள்ளவர்கள் பன்றிகளைச் சுடுகிறார்கள். அந்த அனுமதி எல்லைக் கிராமமான கிளாவரைக்கு இப்பால் செல்லாது என்பதையும் வனத்துறை உறுதியாகச் சொல்ல வேண்டும்.

வெளியூர்க்காரருக்கு மறுப்பதோடு அரசின் கடமை தீர்ந்துவிடாது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வரும் பன்றிகளை வனத்துறையே சுடும், 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடும் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு முடிவெடுத்தது. மேல்மலையில் காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வயல் எத்தனை? கவுஞ்சியிலும் பூண்டியிலும் வரப்பை ஒட்டியே காடு தொடங்குகிறது. 1 கிலோமீட்டருக்குள் வரும் அந்த வயல்களிலும் பிடிப்பதற்குக் கூண்டும் ஆளும் வர வேண்டும். பயிர்ச்சேத இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன்பே கைக்கு வர வேண்டும். இந்த இரண்டும் நடக்காத ஊரில்தான் நாட்டுத் துப்பாக்கியும் அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடியும் இருட்டில் புழங்கும். அவுட்டுக்காயைக் கடிக்கும் பன்றியின் தாடை சிதறும். தெரியாமல் கை வைக்கும் குழந்தைக்கு விரல்கள் போகும்.

மண்ணிலேயே குடியிருந்து பாடுபடும் விவசாயி உரிமம் கேட்டால், அவர் மனுவை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடாமல் காவல்துறையும் வனத்துறையும் ஒன்றாக அவர் வயலுக்கே போய்ப் பார்த்து, தருவதா மறுப்பதா என்று காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். மன்னவனூரிலிருந்து திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகம் நூறு கிலோமீட்டருக்கும் மேல். அந்த விசாரணையைக் கொடைக்கானல் கோட்டாட்சியர் அலுவலகத்திலேயே நடத்த மாவட்ட ஆட்சியர் இந்தப் பருவத்துக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும்.