பாஸ் அவுட் ஆனா மயக்கமா?

"ஐ பாஸ்ட் அவுட் இன் 2023" என்கிறான் இன்டர்வியூவில் ஒரு பி.காம் பையன். எதிரே இருப்பவர் சிரித்துக்கொண்டே, "அப்புறம் யாருப்பா தண்ணி தெளிச்சு எழுப்பினது?" என்கிறார். பையனுக்கு ஜோக் புரியவில்லை. பேச்சு இங்கிலீஷில் பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவது, அமெரிக்காவில் அந்த அர்த்தம்தான் முதலில் ஞாபகம் வரும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அவ்வளவுதான், அதற்கப்புறம் டெபிட், கிரெடிட் கேட்டால்கூட வாய் திறக்காது. தாம்பரம், குரோம்பேட்டை பக்கத்துப் பசங்க பலருக்கு இது பழகிப்போன பயம்.

ஆனால் பையன் சொன்னது தப்பா என்ன?

தாம்பரத்தில் பீச் ட்ரெயின் ஏறினால் பரங்கிமலை வரும். அங்கே ராணுவத்தின் ஆபீசர்ஸ் ட்ரெய்னிங் அகாடமி இருக்கிறது. 1963-ல் ஸ்கூலாகத் தொடங்கி, 1988-ல் அகாடமி என்று பெயர் மாறியது. பயிற்சி முடித்து அதிகாரியாக வெளியே போகிறவர்களுக்கு அங்கே நடக்கும் அணிவகுப்புக்குப் பெயரே 'பாஸிங் அவுட் பரேடு'. (அந்த வெயிலில் யாராவது சுருண்டு விழுந்தால் ரெண்டு அர்த்தமும் ஒரே இடத்தில் முடிந்துவிடும்!) பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் பரமேஸ்வரன் 1972-ல் அங்கிருந்துதான் அதிகாரியானார். 1987-ல் இலங்கையில் உயிர் விட்டார். பரேடு நடக்கும் மைதானத்துக்கு அவர் பெயர்தான். பிரிட்டிஷ் ராணுவத்திலும் இதே வழக்கு உண்டு. அவர்கள் அகராதியிலும் இந்த அர்த்தம் இருக்கிறது. ராணுவம் பயிற்சிக்குச் சொன்னதை நாம் காலேஜுக்கும் நீட்டிக்கொண்டோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் என்பது நமக்குப் புதுசா? "பையன் காலேஜ்ல போய்ச் சேர்ந்துட்டான்" என்றால் ஸ்வீட் கேட்கிறோம். "பெரியவர் போய்ச் சேர்ந்துட்டார்" என்றால் மாலை வாங்குகிறோம். யாரும் குழம்புவதில்லை. ஆண்டைச் சேர்த்துச் சொன்ன பிறகு மயக்கத்தை நினைப்பது கேட்பவர் குறும்பு, பையன் குற்றமில்லை.

வெளிநாட்டுக்கு அனுப்பும் ரெஸ்யூமில் மட்டும் 'கிராஜுவேட்டட்' என்று போட்டுவிடலாம். அது இங்கிலீஷுக்குப் பயந்து அல்ல, படிக்கிறவர் வசதிக்காக. இங்கே வேலை விளம்பரமே '2024 பாஸ்அவுட்ஸ் ஒன்லி' என்றுதானே வருகிறது! அதைப் பார்த்து நிஜமாகவே பாஸ் அவுட் ஆகிறவன், காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர் வைத்திருப்பவன்தான். அவன் அவுட் ஆகிவிட்டான், பாஸ்தான் இன்னும் ஆகவில்லை :-)