"போட்டு வாறம்" என்று சொல்லிப் போனவர்கள்

யாழ்ப்பாணத்தில் வீட்டை விட்டு வெளிக்கிடுகிற எவரும் "போறன்" என்று சொல்வதில்லை. "போட்டு வாறன்" என்பதே நம் வழக்கம். 1990 யூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டவர்களும் அந்த எண்ணத்தோடுதான் மாட்டை அவிழ்த்து விட்டு, கதவைப் பூட்டி, திறப்பைக் கையோடு கொண்டு போனார்கள். ஒரு கிழமையில் வரலாம் என்று நினைத்தவர்களே அதிகம். அந்தக் கிழமை சிலருக்கு இருபது வருடமாயிற்று. சிலருக்கு இன்னும் முடியவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்தவர்களில், பள்ளிக்கூடப் பெடியனாக நானும் ஒருவன். 1996 சித்திரைக்குப் பின் வலிகாமத்தவர் பெருந்தொகையாகத் திரும்பினோம். வீட்டில் கதவுநிலை இல்லை. ஆனால் அயலவர் ஒழுங்கையில் இருந்தார்கள். வேலி எது, எல்லை எது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதைத் திரும்பி வருதல் என்று சொல்லலாம்.

உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட காணிகளின் கதை வேறு. போர் முடிந்தபின் அவை துண்டு துண்டாகவே விடுபட்டன. 2013இல் வலிகாமத்தில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. தோட்டக் காணிக் கணக்கில் ஒரு இலட்சம் பரப்புக்கு மேல். சொந்தக்காரர் நீதிமன்றம் போனார்கள். 2015 தொடக்கம் மேலும் சில பகுதிகளும், 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் விடப்பட்டன.

இப்படி வந்தவர்களைக் கந்தோர்கள் "மீள்குடியேறியோர்" என்று பதிகின்றன. எனக்கு அந்தச் சொல்லில் திருப்தியில்லை. அது தலையை எண்ணுகிறது, கிணற்றை எண்ணுவதில்லை. பற்றை வெட்டி, தூர்ந்த கிணற்றைத் துப்பரவாக்கி, ஊற்றுத் தெளியுமட்டும் இறைத்த பிறகுதானே செம்மண்ணில் ஒரு வெங்காயக் குமிழ் ஊன்றலாம்? பங்குக் கிணறு என்றால் இன்னும் சிக்கல். பங்காளிகளில் ஒருவர் கனடாவில், ஒருவர் உயிரோடில்லை. இறைப்பு முறையை யாரோடு பேசுவது? எல்லைக்கல்லும் இல்லை. தண்ணீரும் எல்லையும் இல்லாதவரின் பெயரை இடம்பெயர்ந்தோர் பட்டியலிலிருந்து வெட்டுவது நியாயமல்ல.

பிறர் காணியில் குடியிருந்தவர்களை நாமே மறந்து விடுகிறோம். ஊர் விடுபட்டது, அவர்களுக்கு எந்தக் காணி விடுபட்டது? முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கோ அது அப்பா சொன்ன ஊர். மல்லாகத்திலோ சுன்னாகத்திலோ தொழிலும் கலியாணமுமாகி விட்டவனை "ஊரை மறந்தவன்" என்று ஏசுவதை நான் ஏற்கமாட்டேன். அவன் போய் இருக்காவிட்டாலும் பங்கு அவனுடையதே.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1990இல், அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். அன்று நம் பெரியவர்களில் பலர் வாய் திறக்கவில்லை. புத்தளத்தில் பேரப்பிள்ளை கண்ட அவர்கள் இன்று வீடு கட்ட வந்தால், "அங்கேயே வசதியாக இருக்கிறார்கள்தானே" என்கிறோம். நம்மைப் பார்த்து அதையே ஒருவர் சொன்னால் பொறுப்போமா?

விடுபடாத காணிக்காரருக்கு ஒரு வேண்டுகோள். எல்லை தெரிந்த கிழவர்கள் குறைந்து வருகிறார்கள். அவர்களைப் பிள்ளைகளோடு இருத்தி, கிணறு, பனை, ஒழுங்கை, மேற்கே யார், வடக்கே யார் என்று ஒரு கொப்பியில் வரைவியுங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேளுங்கள். கிழவருக்கு ஞாபகம் இருக்கும்போதே செய்யுங்கள்.